கணக்கு போட்டதால் கெட்டுப்போன கம்ப்யூட்டர்கள்

இந்த எபிசோடை ஒரு புகாரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். அங்கே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை. 2000-களின் நடுவில் அந்தத் துறையிலிருந்த டெல் டெஸ்க்டாப்கள் சில வேலை செய்யாமல் படுக்க ஆரம்பித்தன. டெல் நிறுவனத்துக்குப் புகார் போனது. டெல் மெஷின்களைப் பார்த்துவிட்டு ஒரு காரணம் சொன்னது: நீங்க ரொம்பக் கஷ்டமான கணக்குகளைப் போடவெச்சு கம்ப்யூட்டருக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துட்டீங்க.

யார்கிட்ட சொல்றாங்க? கணிதத் துறைகிட்ட. கம்ப்யூட்டரை வெச்சுக் கணக்கு போட்டது உங்க தப்புன்னு.

இன்னொரு வேடிக்கை, 1984இல் மைக்கேல் டெல் தன் தொழிலைத் தொடங்கியதே இதே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, விடுதி அறையில்தான். கம்பெனியின் தலைமையகமும் பக்கத்து ஊரான ரவுண்ட் ராக்கில்தான் இருக்கிறது. அதாவது பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே இந்தப் பதில்.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு உண்மையிலேயே என்ன ஆச்சு, அது யாருக்கு எப்போ தெரிஞ்சது, தெரிஞ்சவங்க என்ன பண்ணாங்க, இதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல ஒரு வார்த்தையைப் பார்த்துடுவோம். "ராண்டமா ஆஃப் ஆகுது." டெஸ்க்டாப் வெச்சிருந்த எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்போம். ப்ராஜெக்ட் டைப் பண்ணிட்டு இருப்போம், பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி போட்டா ரெண்டு நாள் ஒழுங்கா ஓடும். ரிப்பேர்காரர் வீட்டுக்கு வந்தா, அவர் முன்னாடி மட்டும் சமர்த்தா இருக்கும். அவர் வைரஸ்னு சொல்வார், ரேமைக் கழட்டி ரப்பர் வெச்சுத் தேய்ச்சு மாட்டுவார், தூசி ஊதுவார், விண்டோஸை ஃபார்மேட் பண்ணுவார். கடைசியா, "உங்க ஏரியாவுல கரண்ட் சரியில்ல சார்" என்பார்.

ஆனால் ஒரு மெஷின் எதையும் காரணமில்லாமல் செய்வதில்லை. நமக்கு வரிசை தெரியலைங்கறதுக்கு நாம வெச்ச பேர்தான் ராண்டம். அந்தக் காலத்தில் இந்த வரிசையை மறைத்ததில் விண்டோஸுக்கும் ஒரு பங்கு உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு செட்டிங் இருந்தது: பெரிய பிழை வந்தால், நீலத்திரை காட்டிவிட்டுத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். வாங்கும்போதே அது ஆன் செய்யப்பட்டிருக்கும். என்ன பிழை என்று சொல்லும் அந்த நீலத்திரை கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போய்விடும். சாட்சி சொல்ல வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பின மாதிரி. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "தானா ஆஃப் ஆச்சு, தானா ஆன் ஆச்சு" மட்டும்தான்.

சரி, இப்போ கேபினட்டைத் திறப்போம். நம்ம ஊர்ல அந்தப் பெட்டியையே சிபியூன்னு சொல்லிப் பழகிட்டோம், பரவாயில்லை. உள்ளே மதர்போர்டு. அதில் பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள், வரிசையா நிற்கும். கறுப்பு, பச்சை, நீலம் என்று பிளாஸ்டிக் உறை போட்டு, தலையில் மட்டும் வெள்ளி நிறம் தெரியும். அதுதான் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். பள்ளிப் புத்தகத்தில் மின்தேக்கி. ஃபேன் மெதுவாச் சுத்தினா எலக்ட்ரீஷியன் "கண்டென்சர் போச்சு"ன்னு சொல்வாரே, அதுக்குத் தூரத்துச் சொந்தம்.

இதோட வேலை என்ன? அபார்ட்மென்ட் மாடியில் இருக்கும் தண்ணி டேங்கை நினைச்சுக்கோங்க. கீழே மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஆனால் உங்க வீட்டுக் குழாயில் தண்ணி ஒரே சீராக வரும். நடுவில் டேங்க் இருப்பதால். பிராசசருக்கும் அப்படித்தான். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். பென்டியம் 4 போன்ற ஒரு பிராசசருக்குத் தேவை சுமார் ஒன்றரை வோல்ட்தான். ஆனால் அது எடுப்பது 75 வாட் என்று வைத்தால், ஒன்றரை வோல்ட்டில் அது 50 ஆம்பியர். வீட்டில் ஏசிக்கு மாட்டும் பிளக்கே 16 ஆம்பியர்தான், ஒப்பிட்டுக்கோங்க. மதர்போர்டில் உள்ள சர்க்யூட் அந்த 12 வோல்ட்டை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கீழே இறக்கும். அந்த வெட்டலைச் சமன்படுத்திச் சீரான மின்சாரமாகக் கொடுப்பது இந்த உருளைகள்.

டேங்க் ஓட்டையானால்? நீங்க சும்மா பாட்டுக் கேட்டுட்டு இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு கேமைத் திறந்தால், பிராசசர் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். வோல்ட்டேஜ் ஒரு நொடியில் மிகச் சிறிய பங்குக்குத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு பூஜ்யம் ஒன்றாகப் படிக்கப்பட்டால் போதும், மெஷின் விழுந்துவிடும். கெட்ட கப்பாசிட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் உள் எதிர்ப்பு அதிகமாக இருக்கும். அதனால் காலையில் முதல் தடவை ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். நாலஞ்சு தடவை முயற்சி செய்து சூடானதும் ஓட ஆரம்பிக்கும். வீட்டில் அம்மா "அதைக் கொஞ்ச நேரம் விட்டுப் போடு, வந்துடும்"னு சொன்னது மூடநம்பிக்கை இல்லை. அதுக்குப் பின்னாடி இயற்பியல் இருந்தது.

இந்த உருளைக்குள் இருப்பது முறுக்கிச் சுருட்டிய அலுமினியத் தாள், நடுவில் காகிதம், அதில் ஊறிய ஒரு திரவம். அந்தத் திரவத்துக்குப் பெயர் எலக்ட்ரோலைட். 1990-களில் ஜப்பானிய நிறுவனங்கள் தண்ணீர் அதிகம் கலந்த எலக்ட்ரோலைட்டைக் கொண்டுவந்தன. விலை குறைவு, மின்சாரம் நன்றாகப் பாயும், புதுப் பிராசசர்களின் பசிக்குச் சரியான தீனி. ஆனால் அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்தால் வினை நடக்கும். அலுமினியம் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதைத் தடுக்கத் திரவத்தில் சில வேதிப்பொருட்களைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். அந்த அளவுதான் தொழில் ரகசியம்.

அந்தச் சேர்மானம் இல்லாவிட்டால் உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். கப்பாசிட்டரின் தலையில் கூட்டல் குறி மாதிரி, இல்லை ஆங்கில கே எழுத்து மாதிரி, மெல்லிய கோடு கீறியிருப்பார்கள். அழுத்தம் அதிகமானால் வெடிக்காமல் அந்தக் கோட்டில் பிளந்து வாயு வெளியே போவதற்கு. முதலில் தட்டையான தலை பூரி மாதிரி உப்பும். அப்புறம் பிளக்கும். பழுப்பு நிறத்தில் ஒரு கசடு வழிந்து காய்ந்து நிற்கும்.

1999 வாக்கில் தொடங்கி 2007 வரை உலகம் முழுக்க லட்சக்கணக்கான மதர்போர்டுகளில் இது நடந்தது. இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், கப்பாசிட்டர் பிளேக். கொள்ளை நோய் மாதிரி பரவியதால்.

ஏன் நடந்தது என்பதற்கு 2002இல் தொழில்துறைப் பத்திரிகைகளில் ஒரு கதை வந்தது. ஜப்பானில் ரூபிகான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி, சீனாவில் ஒரு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அதே மாதிரி எலக்ட்ரோலைட்டைத் தயாரித்தார். அவரிடம் வேலை செய்தவர்கள் அந்த ஃபார்முலாவை எடுத்துக்கொண்டு தைவானுக்குப் போனார்கள். ஆனால் எடுத்தது அரைகுறை, காக்கும் பொருள் அதில் விட்டுப்போயிருந்தது. அதைத் தைவான் கம்பெனிகள் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்துவிட்டன. அடுத்த ஆண்டு ஐ.ட்ரிபிள்.ஈ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகையும் இதை எழுதியது. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உப்பிய கப்பாசிட்டர்களைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஹைட்ரஜன் இருந்தது. எலக்ட்ரோலைட்டில் இருக்க வேண்டிய சேர்மானம் குறைவாக இருந்தது. அதாவது வேதியியல் உறுதியானது. திருட்டுக் கதை அப்படி உறுதியாகவில்லை.

எனக்கு இந்தத் திருட்டுக் கதையில் ஒரு சந்தேகம் உண்டு. அது கேட்க ரொம்ப ருசியா இருக்கு. திருடினவன் அரைகுறையாத் திருடி மாட்டிக்கிட்டான், கதை முடிஞ்சது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இந்தப் பிளேக்கில் நமக்கு ஆவணங்களோடு அதிகம் தெரிந்த வழக்கு டெல்தான். அந்தக் கம்ப்யூட்டர்களில் பிரச்சனை கொடுத்தவை தைவான் சரக்கு இல்லை. நிச்சிகான் என்ற பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் கப்பாசிட்டர்கள். திருட்டுக் கதை அங்கே செல்லாது.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் இல்லை. ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். வரிசையா பத்து மெஷின் திறந்து பார்க்கிறவருக்குத்தான் பத்திலும் அதே உருளை உப்பியிருப்பது தெரியும். வீட்டில் ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கு அது வெறும் துரதிர்ஷ்டம். அபிட் என்ற மதர்போர்டு நிறுவனம் மட்டும் ஆமாம், கெட்ட கப்பாசிட்டர் எங்க போர்டில் வந்திருக்கு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலும் தைவான் போர்டுகள்தான். உப்பினதை சால்டரிங் அயர்ன் வெச்சு எடுத்துட்டு, அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கொஞ்சம் கூடின வோல்ட்டேஜ், 105 டிகிரி போட்ட புதுசை மாட்டினா போர்டு மறுபடி உயிரோட வரும். சில ரூபாய் பொருள். தெரிந்தவர் கையில் அரை மணி நேர வேலை.

டெல் கதைக்குத் திரும்புவதற்கு முன்னாடி இருபத்தைந்து வருஷம் பின்னாடி போயிட்டு வரணும். ராண்டம் கிராஷ் என்ற இதே பிரச்சனையை இன்னொரு கம்பெனி எப்படிக் கையாண்டது என்று பார்த்தால்தான் டெல் செய்தது என்ன என்று முழுசாப் புரியும்.

1970-களின் பிற்பகுதி, இன்டெல். கம்ப்யூட்டர் நினைவகம் அப்போதுதான் காந்த வளையங்களிலிருந்து சிலிக்கான் சிப்புக்கு முழுமையாக மாறிக்கொண்டிருந்தது. புது மெமரி சிப்களில் ஒரு விசித்திரம். எங்கோ ஒரு பிட் தானாக மாறிவிடும். சிப்பைக் கழட்டிச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. எழுதினால் எழுதும், படித்தால் படிக்கும். பிழை அதே இடத்தில் திரும்ப வராது. இதைவிட ராண்டமா ஒன்று இருக்க முடியாது, இல்லையா?

இன்டெல்லில் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இரண்டு பேர் காரணத்தைப் பிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் ஒரு ஆல்ஃபா துகள் சிலிக்கானுக்குள் புகுந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அந்தக் கால சிப்பில் ஒரு பிட்டைச் சேமிக்கும் மின்னூட்டமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். துகள் பட்டால் ஒன்று பூஜ்யமாகிவிடும். சிப்புக்குச் சேதமே இல்லை. அதனால்தான் சோதனையில் அகப்படவில்லை. பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகள், உறை தயாரித்த தொழிற்சாலை பயன்படுத்திய ஆற்று நீர் ஒரு பழைய யுரேனியச் சுரங்கத்தைத் தாண்டி வந்தது என்று சொல்கின்றன.

கண்டுபிடித்ததும் என்ன செய்தார்கள்? 1978இல் ஒரு பொறியியல் மாநாட்டில் எல்லாப் போட்டியாளர்களும் உட்கார்ந்திருக்க, கட்டுரையாகப் படித்தார்கள். எங்க சிப்பில் இந்தக் குறை இருக்கு, காரணம் இது, உங்க சிப்பிலும் இருக்கும், இப்படிச் சோதிச்சுப் பாருங்க என்று. அதற்குப் பிறகு சிப் தொழில் முழுக்கவே உறைப் பொருட்களைச் சுத்தப்படுத்த ஆரம்பித்தது. ஆல்ஃபா துகள் குறைவாக விடும் பொருள் என்று தனியாக அளந்து வாங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கிரிப்டோ பக்கம் ஆர்வம் இருக்கிறவங்களுக்கு ஒரு உபரித் தகவல்: இந்த டிமோதி மேதான் பின்னாளில் சைஃபர்பங்க் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இப்போ டெல்லுக்கு வருவோம்.

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய கம்ப்யூட்டர்களில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் இந்தக் கெட்ட பாகங்களால் பழுதாகும் ஆபத்தில் இருந்தன. ஆப்டிபிளெக்ஸ் வரிசை, அலுவலகங்களுக்கு விற்கும் மாடல். வால்மார்ட், வெல்ஸ் ஃபார்கோ வங்கி, மேயோ கிளினிக் மருத்துவமனை என்று வாங்கியவர்கள் எல்லாரும் பெரிய பெயர்கள். வாங்கியவர்களில் ஒரு சின்ன கம்பெனியும் இருந்தது. வட கரோலினாவில் இணையதளங்களுக்கு ஹோஸ்டிங் தரும் ஏ.ஐ.டி. அவர்கள் சுமார் 2,000 டெல் கம்ப்யூட்டர்களை வாங்கி, அவை விழுந்து விழுந்து வாடிக்கையாளர்களை இழந்தார்கள். டெல் தரப்பு அவர்களுக்குச் சொன்னது, நீங்க மெஷின்களை நெருக்கமான சூடான இடத்தில் வெச்சு அளவுக்கு மீறி ஓட்டுறீங்க.

இதில் ஒரு தந்திரம் இருக்கு, கவனிங்க. சூடு கப்பாசிட்டரின் ஆயுளைக் குறைக்கும் என்பது உண்மை. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கடினமான கணக்கு போட்டால் பிராசசர் சூடாகும் என்பதும் உண்மை. அதனால் கணிதத் துறைக்குச் சொன்ன பதில் முழுப் பொய் மாதிரி ஒலிக்காது. ஆனால் நல்ல கப்பாசிட்டர் அந்தச் சூட்டைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. பாதி உண்மையை வெச்சு, மெஷினோட குறையை ஓட்டினவர் தலையில் கட்டியாச்சு.

2007இல் ஏ.ஐ.டி. வழக்குப் போட்டது. அந்த வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளியே வந்தன, நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. டெல்லுக்காக ஆய்வு செய்தவர்களின் கணக்குப்படி, அந்த ஆப்டிபிளெக்ஸ்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 97 சதவீதம் வரை பிரச்சனை வரக்கூடும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அந்த எண் டெல்லுக்குள் இருந்தது. அதே நேரம் ஊழியர்களுக்குப் போன அறிவுரை, வாடிக்கையாளர் கேட்காமல் நாமாக இதைச் சொல்ல வேண்டாம், போர்டு மோசம் என்ற பொருள் வரும் சொற்களைத் தவிருங்கள், எதுவும் உறுதியாகத் தெரியாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பழுதான போர்டை எடுத்துவிட்டு அதே குறை உள்ள இன்னொரு போர்டை மாட்டிய சம்பவங்களும் நடந்தன.

எதுவும் உறுதியாகத் தெரியாது என்று சொல்லுங்கள் என்ற அந்த அறிவுரையை இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. 1978இல் இரண்டு பேர் ராண்டம் என்ற சொல்லை உடைத்தார்கள். இங்கே ஒரு பெரிய நிறுவனம் காரணம் தெரிந்த பிறகும் ராண்டம் என்ற சொல்லை வாடிக்கையாளர் கையில் திருப்பிக் கொடுத்தது.

டெல் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2005இல் இதைச் சரிசெய்யும் செலவுக்கென்று 30 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது. மதர்போர்டுகளுக்கு வாரண்டியையும் நீட்டித்தது. பாகம் செய்து கொடுத்தவர் தந்த குறை, தொழில் முழுக்க இருந்த பிரச்சனை, நாங்க மட்டும் இல்லை என்று வாதிட்டது. அதில் நியாயமும் உண்டு. ஆப்பிளின் ஐமேக் ஜி5-இலும் இதே மாதிரி உப்பிய கப்பாசிட்டர்கள் வந்தன, ஆப்பிள் அதற்குத் தனி ரிப்பேர் திட்டம் அறிவித்தது. ஆனால் புகார் கொடுக்கத் தெரிந்தவருக்கு, திரும்பத் திரும்பக் கேட்டவருக்குத்தான் டெல்லில் சரியான போர்டு கிடைத்தது. ஒரு தடவை கேட்டுவிட்டு "நம்ம ராசி" என்று விட்டவருக்கு?

ஏ.ஐ.டி. வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. 2010இல் சமரசமாகி முடிந்தது.

இதற்கிடையே தொழில் தன் போக்கில் மாறியது. திரவமே இல்லாத, பாலிமர் வைத்த திடக் கப்பாசிட்டர்கள் பிராசசரைச் சுற்றி வந்தன. உள்ளே தண்ணீர் இல்லை, வாயு இல்லை, உப்புவதற்கு ஒன்றும் இல்லை. 2000-களின் பிற்பகுதியில் மதர்போர்டு வாங்கினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெட்டி மேலேயே சாலிட் கப்பாசிட்டர்னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. எதற்காக அதை ஒரு பெருமையாகப் போடுகிறார்கள் என்று பெட்டியில் எங்கேயும் இருக்காது. பவர் சப்ளைகளில் மட்டும் திரவக் கப்பாசிட்டர்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் பழைய மெஷின் தானா ஆஃப் ஆனால், ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினட் பக்கத்தைத் திறந்து மதர்போர்டில் இருக்கும் உருளைகளின் தலை தட்டையா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

வழக்கு ஆவணங்களில் இன்னொரு விவரமும் இருந்தது. ஏ.ஐ.டி.க்கு எதிராக டெல்லுக்காக வாதாடியது ஆல்ஸ்டன் அண்ட் பேர்ட் என்ற பெரிய சட்ட நிறுவனம். அந்த அலுவலகத்திலும் டெல் கம்ப்யூட்டர்கள்தான். அதில் சுமார் 1,000 மெஷின்கள் இதே சந்தேகப் பட்டியலில் இருந்தன. சரிசெய்து தரச் சொல்லி அவர்கள் கேட்டபோது, தன் சொந்த வக்கீல்களிடமே டெல் தயங்கியது.